ரெபெக்கா கிளார்க்: மறுக்கப்பட்டது பரிசா, பதிப்பா?

மேற்கத்தேய சாஸ்திரிய இசையில் பெண் இசையமைப்பாளர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இணையத்தில் ஒரு கதை திரும்பத் திரும்பப் பகிரப்படுகின்றது. 1919 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த போட்டியொன்றில், பெயர் மறைத்து அனுப்பப்பட்ட ஓர் ஆக்கம் முதலிடத்துக்கு வந்ததாகவும், எழுதியவர் பெண் என்று தெரிந்தவுடன் நடுவர்கள் பரிசை ஓர் ஆணுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டதாகவும் அந்தக் கதை சொல்கின்றது. கதையில் வரும் பெண் ரெபெக்கா கிளார்க். கதையின் ஒரு பாதி உண்மை; மறுபாதி நடந்ததற்கு நேர்மாறானது. பிழையான பாதியை நம்பிவிடுகின்ற ஒருவருக்கு, கிளார்க்கின் இசை அரை நூற்றாண்டுக் காலம் ஏன் கேட்பாரற்றுக் கிடந்தது என்பதற்கான உண்மையான காரணங்கள் கண்ணிற் படாமலே போய்விடும். எனவே அடிப்படையிலிருந்து தொடங்குவது அவசியமாகின்றது.

வியோலாவும் சொனாட்டாவும்

யாழ்ப்பாணத்து வாசகருக்கு வயலினை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோயில் திருவிழாக் கச்சேரியிலும் பரதநாட்டிய அரங்கேற்றத்திலும் அது பக்கவாத்தியமாக ஒலிக்கின்றது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்காக அதைக் கற்றவர்களும் நம்மிடையே பலர். கிளார்க்கின் வாத்தியம் அதற்கு அடுத்த பெரிய வாத்தியமான வியோலா. தோற்றத்தில் இரண்டையும் வேறுபடுத்துவது கடினம். வயலினின் உடற்பகுதி ஏறத்தாழ 35.5 சென்ரிமீற்றர் நீளமானது. வியோலாவினது 38 முதல் 43 சென்ரிமீற்றர் வரை இருக்கும்.

சுருதி கூட்டும் முறையிற்றான் முக்கியமான வேறுபாடு உள்ளது. கர்நாடக முறையில் வயலினின் நான்கு தந்திகளும் மந்தர ஷட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய ஷட்ஜம், மத்திய பஞ்சமம் எனக் கூட்டப்படும். மேற்கத்தேய முறையில் ஒவ்வொரு தந்தியும் தனக்கு முந்திய தந்தியிலிருந்து ஒரு பஞ்சம இடைவெளி உயர்ந்திருக்கும். வியோலாவின் தந்திகளும் அவ்வாறே கூட்டப்படுகின்றன. ஆனால் முழு வரிசையும் வயலினை விட ஒரு பஞ்சமம் கீழே தொடங்குகின்றது. இதனால் வயலினின் உச்சத் தந்தி வியோலாவில் இல்லை. அதற்குப் பதிலாக அடியில் ஒரு கனத்த தந்தி சேர்கின்றது. அவ்வளவு தாழ்ந்த சுருதிக்கு வேண்டிய அளவுக்கு உடற்பகுதியைப் பெருப்பித்தால் தோளில் வைத்து வாசிக்க முடியாது. அந்தச் சமரசத்தின் விளைவாகவே வியோலாவுக்குச் சற்று மங்கலான, தொண்டைக்குள் நிற்பது போன்ற ஒலி வாய்த்திருக்கின்றது. வாத்தியக் குழுவில் அது மேலுக்கும் கீழுக்கும் நடுவே சுரக்கூட்டை (பல சுரங்கள் ஒருசேர ஒலிப்பதை) நிரப்புகின்ற வேலையைச் செய்து வந்ததால், அதைத் தனி வாத்தியமாக முன்னிறுத்தி எழுதப்பட்ட ஆக்கங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகக் குறைவாகவே இருந்தன.

சொனாட்டா என்பது ஒன்று அல்லது இரண்டு வாத்தியங்களுக்காக எழுதப்படும், பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பகுதிகளைக் கொண்ட நீண்ட ஆக்கம். அதில் சாகித்தியம் கிடையாது. ஒவ்வொரு சுரமும், அதன் நீளமும், வலிமையும் இசையமைப்பாளரால் தாளில் எழுதப்படுகின்றன; வாசிப்பவர் அதில் கற்பனாசுரம் சேர்ப்பதில்லை. தாளில் உள்ளதே ஆக்கம் என்ற இந்த ஏற்பாட்டை மனத்திற் கொள்ளாமல், பின்னால் வருவதை விளங்கிக்கொள்ள இயலாது.

ஹாரோவிலிருந்து நியூயோர்க் வரை

கிளார்க் 1886 ஓகஸ்ட் 27 அன்று இங்கிலாந்தின் ஹாரோவில் பிறந்தார். தந்தை அமெரிக்கர், தாய் ஜேர்மனியர். இசையில் ஆர்வமுடைய வீடு அது. ஆனால் தந்தை பிள்ளைகளை அடித்து வளர்த்த கொடுமைக்காரர். 1903 இல் இலண்டன் ரோயல் அக்கடமியில் வயலின் மாணவியாகச் சேர்ந்த கிளார்க்கை, சுரக்கூட்டு ஆசிரியரான பேர்சி மைல்ஸ் திருமணம் செய்ய விரும்பிக் கேட்டதும், 1905 இல் தந்தை படிப்பை நிறுத்தி வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். (அந்த ஆசிரியர் பிற்காலத்தில் தமது ஸ்ட்ராடிவேரியஸ் என்ற புகழ்பெற்ற பழைய வயலினைத் தம் மரணசாசனத்தில் கிளார்க்குக்கு எழுதி வைத்தார்.)

1907 இல் ரோயல் கல்லூரியில் சேர்ந்தபோது, அக்காலத்தின் செல்வாக்குமிக்க ஆசிரியரான சார்ல்ஸ் ஸ்டான்போர்ட் அவரை இசையமைப்பு மாணவியாக ஏற்றுக்கொண்டார். வயலினை விட்டு வியோலாவுக்கு மாறும்படி யோசனை சொன்னவரும் அவரே: வாத்தியக் குழுவின் நடுவில் இருப்பவருக்கு மேலும் கீழும் நடப்பவை எல்லாம் கேட்கும், இசையமைக்க விரும்புபவருக்கு அதுவே சிறந்த இருக்கை என்பது அவர் கருத்து. வியோலாவைத் தனி வாத்தியமாக உயர்த்தப் பாடுபட்ட லயனல் டேர்டிஸிடம் கிளார்க் பயின்றார்.

1910 இல் தந்தையின் வேறு பெண்களுடனான உறவுகளைக் கண்டித்ததால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார், பணமும் நிறுத்தப்பட்டது. படிப்பு அத்துடன் முடிந்தது. வியோலா வாசித்துப் பிழைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. சில ஆண்டுகளில் ஹென்றி வூட் நடத்திய குவீன்ஸ் ஹோல் வாத்தியக் குழுவில் இடம் பெற்றார். முழுநேரத் தொழில்முறைக் குழுவொன்றில் பெண்கள் அமர்ந்தது இலண்டனில் அதுவே ஏறத்தாழ முதல் தடவை. 1916 இல் அமெரிக்காவுக்குச் சென்றார்.

அந்தனி ட்ரென்ட் என்ற ஆள்

1918 பெப்ரவரியில் நியூயோர்க்கின் ஏயோலியன் மண்டபத்தில் கிளார்க்கும் அவருடைய தோழியும் செல்லோ (வயலின் குடும்பத்தின் பெரிய, தாழ்ந்த சுருதி வாத்தியம்) வித்துவாட்டியுமான மே முக்கிளும் கச்சேரி செய்தார்கள். நிகழ்ச்சி நிரலில் கிளார்க்கின் ஆக்கங்கள் ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தன. ஒரே தாளில் தம் பெயரைத் திரும்பத் திரும்பப் போடுவது அழகல்ல என்று கருதிய அவர், ‘மோர்ஃபியஸ்’ என்ற வியோலா–பியானோ ஆக்கத்தின் அடியில் ‘அந்தனி ட்ரென்ட்’ என்று ஒரு பெயரைப் புனைந்து போட்டார். விமர்சகர்களின் கவனம் ட்ரென்டின் மீது விழுந்தது; கிளார்க் சொந்தப் பெயரில் வைத்தவற்றை அவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

இதைப் பெண் என்ற அடையாளத்தை மறைக்கும் முயற்சியாக எழுதுவோர் உண்டு. முதுமையில் அவரே சொன்ன காரணம் வெறும் கூச்சம்தான். ஆனால் முயற்சியின் நோக்கம் எதுவானாலும் விளைவு ஒரு பரிசோதனையைப் போலவே அமைந்துவிட்டது: ஒரே கை எழுதியவை, ஒரே மாலையில் ஒரே மேடையில் ஒலித்தவை, வேறுபட்டது பெயர் மட்டுமே. ‘மோர்ஃபியஸ்’ தம் மற்ற ஆக்கங்களை விட உயர்ந்தது என்று கிளார்க் ஒருபோதும் கருதவில்லை.

1919 இல் நடந்தது என்ன?

எலிசபெத் ஸ்பிரேக் கூலிட்ஜ் என்ற செல்வந்தப் பெண்மணி, மசாசுசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் பேர்க்ஷயர் அறையிசை விழாவை நடத்தி வந்தார். அறையிசை என்பது பெரும் வாத்தியக் குழுவுக்கன்றி ஒரு சில வாத்தியங்களுக்கு மட்டும் எழுதப்படும் இசை. 1919 ஆம் ஆண்டின் போட்டி வியோலாவுக்கும் பியானோவுக்கும் உரியது. பரிசு 1,000 டொலர். நிகழ்வுகளின் ஒழுங்கு வருமாறு:

1. போட்டிக்கு 70 இற்கும் மேற்பட்ட ஆக்கங்கள் பெயரின்றி வந்தன. எழுதியவரின் பெயர் மூடிய உறையில் தனியே இருந்தது.

2. ஆறு நடுவர்கள் இரண்டு ஆக்கங்களை இறுதிக்குத் தெரிந்து, அவற்றுக்கிடையே மூவர் மூவராகப் பிரிந்து நின்றார்கள்.

3. சமநிலையை உடைக்கும் பொறுப்பு கூலிட்ஜிடம் வந்தது. அவர் அளித்த வாக்கினால் பரிசு, சுவிற்சர்லாந்தில் பிறந்த ஏர்னெஸ்ட் புளொக் எழுதிய ‘சூட்’டுக்கு (பல பகுதிகள் கொண்ட ஆக்கம்) போனது. அந்த வேளையில் உறைகள் திறக்கப்படவில்லை.

4. தோற்ற ஆக்கத்தை எழுதியவர் யார் என்று அறிய நடுவர்கள் ஆவற்பட்டதால் அந்தப் பெயரும் வெளியிடப்பட்டது. ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டபோது நடுவர்களின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும் என்று கூலிட்ஜ் பிற்பாடு கிளார்க்கிடம் சொல்லியிருக்கின்றார்.

ஆகவே பெண் என்று தெரிந்தபின் பரிசு மாற்றப்பட்டது என்ற கூற்று நிற்காது. தீர்ப்பு முடிந்த பின்னரே பெயர் வெளிவந்தது. தீர்ப்பளித்தவரும் ஒரு பெண்ணே. அதுமட்டுமன்றி, நடுவர்களாயிருந்த வியோலா வித்துவான் லூயி பெய்யியும் பியானோக் கலைஞர் ஹரோல்ட் பாவருமே அந்தச் செப்டெம்பரில் விழா மேடையில் கிளார்க்கின் சொனாட்டாவை முதன்முதலாக வாசித்தார்கள்.

பாரபட்சம் அதற்குப் பின்னர்தான் வேலை செய்யத் தொடங்கியது. ‘ரெபெக்கா கிளார்க்’ என்று ஒருவர் இல்லை, அது புளொக்கின் புனைபெயர் என்று பத்திரிகைகளில் வதந்தி பரவியது. ஒரு போட்டியில் தோற்பதை விட, எழுதியதே நீயில்லை என்று சொல்லப்படுவது ஓர் இசையமைப்பாளருக்குப் பெரிய சேதம் என்றே கொள்ள வேண்டும். முந்திய ஆண்டு இல்லாத ஆணொருவர் இருப்பதாக நம்பியவர்கள், இப்போது இருக்கின்ற பெண்ணொருத்தி இல்லையென்று நம்பினார்கள். கிளார்க் இதைப் பற்றிப் பேசியபோதெல்லாம் சிரித்துக்கொண்டே பேசினார். புளொக்கின் மீது அவருக்கு இருந்த மதிப்பும் குறையவில்லை. 1929 இல் வெளிவந்த கொபெற்றின் அறையிசைக் கலைக்களஞ்சியத்தில் புளொக்கைப் பற்றிய கட்டுரையை எழுதியவர் அவரே.

அந்தச் சொனாட்டாவில் இருப்பது

ஆக்கம் மூன்று பகுதிகளைக் கொண்டது; வாசித்து முடிக்க இருபது நிமிடத்துக்குச் சற்று மேலாகும். முதற்பகுதியின் தொடக்கத்தில் பியானோ ஒரு சுரக்கூட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அந்த அதிர்வின் மேல் வியோலா தனியே ஓர் அறைகூவலை எழுப்பிவிட்டுத் தாளக்கட்டு மிகத் தளர்ந்த ஒரு தனிச் சஞ்சாரத்துக்குள் இறங்குகின்றது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இடம் அந்நியமாகத் தோன்றாது. சுருதியின் மேல் நின்றுகொண்டு இராகத்தின் எல்லைகளைத் தொட்டுக் காட்டும் ஆலாபனையின் முதல் நிமிடத்துக்கு இது அடுத்த உறவு. ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: இங்கே ஒவ்வொரு சுரமும் முன்கூட்டியே எழுதப்பட்டது, சுருதி போல் ஒலிக்கும் பியானோக் கூட்டும் விரைவில் நகரத் தொடங்கிவிடும்.

இப்பகுதியின் சுரங்கள், மேற்கத்தேய இசையில் வழமையான இரு அளவைகளுக்குள் (சுரவரிசைகளுக்குள்) அடங்குவதில்லை. பழைய தேவாலய இசையின் அளவைகளும் ஐந்து சுர அளவைகளின் சாயலும் கலந்து வருகின்றன. நமது ஔடவ இராகங்களைப் போல் அவை ஆரோகணம் அவரோகணம் என்று வரையறுக்கப்பட்டவை அல்ல. ஒரு நிறமாகத் தோன்றி மறைகின்றவை. அக்காலத்தில் இசையமைப்பாளர்களான பிரான்சின் டெபுஸியும் இங்கிலாந்தின் வோன் வில்லியம்ஸும் இத்தகைய அளவைகளைக் கையாண்டுகொண்டிருந்தார்கள். கிளார்க் இருவரையும் நன்றாகக் கேட்டவர். ஆயினும் சொனாட்டாவின் வேகமும் கோபமும் அவர்களிடம் பெற்றவை அல்ல.

இரண்டாம் பகுதி விரைவானது, குறும்பானது. வில்லை வைத்துவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுதல், தந்தியை அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்பும் குழலோசை போன்ற மெல்லொலி ஆகியவை வியோலாவிடம் எதிர்பாராத இலேசான தன்மையைக் கொடுக்கின்றன. மூன்றாம் பகுதி பியானோவின் தனிமையான, நாட்டார் மெட்டுப் போன்ற எளிய வரியில் தொடங்கி மெல்ல விரிகின்றது. என் மதிப்பீட்டில் ஆக்கத்தின் உச்சம் இங்கேதான் உள்ளது. கேட்பவர் முடிவு நெருங்குகின்றது என்று எண்ணும் வேளையில் அடியில் ஒரு முணுமுணுப்பு எழ, அதன் மேல் முதற்பகுதியின் அறைகூவல் திரும்பி வருகின்றது. முதலில் வீரமாக ஒலித்த அதே சுரங்கள் இப்போது தூரத்திலிருந்து கேட்பவையாக மாறியிருக்கின்றன. தொடக்கத்தின் பொருளை இறுதியில் மாற்றிவிடும் இந்த உத்தியை 1921 இல் எழுதிய பியானோ மூவிசையில் (பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான ஆக்கம்) அவர் இன்னும் இறுக்கமாகப் பயன்படுத்தினார். வியோலா வித்துவாட்டி என்ற வட்டத்துக்கு வெளியே அவர் யார் என்பதைக் காட்டுவது அந்த மூவிசை. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் அதையே நான் சொல்வேன்.

பிறகு ஏன் மௌனம்?

மூவிசையும் 1921 ஆம் ஆண்டுப் பேர்க்ஷயர் போட்டியில் முதலிடத்தைத் தவறவிட்டது. 1923 இல் கூலிட்ஜ் தாமே கேட்டு, செல்லோவுக்கும் பியானோவுக்குமான ‘ராப்சோடி’யை எழுதுவித்தார். அதன்பின் ஆக்கங்கள் அருகிப் போயின. காரணங்களை இவ்வாறு பிரித்துப் பார்க்கலாம்:

1. அச்சு. இதுவே முதன்மையானது. நம்மிடம் ஒரு கீர்த்தனை புத்தகத்தில் இல்லாவிட்டாலும் குருவின் வாயிலிருந்து மாணவரின் காதுக்குப் போய் இரண்டு மூன்று தலைமுறைகள் உயிரோடிருக்கும். எழுத்தை நம்பி நிற்கும் இசைக்கு அந்த வழி அடைபட்டது. மூவிசையை வாசிக்க மூன்று பேருக்கும் தனித்தனித் தாள் வேண்டும்; தாள் கடையில் இல்லையென்றால் ஆக்கம் உலகில் இல்லை. சொனாட்டா 1921 இல் இலண்டனில் அச்சானது, மூவிசை 1928 இல். ‘ராப்சோடி’ அவர் வாழ்நாளில் அச்சாகவேயில்லை. ‘மோர்ஃபியஸு’ம் அப்படியே. அவர் எழுதியவை ஏறத்தாழ நூறு. உயிரோடிருந்தபோது அச்சேறியவை ஏறத்தாழ இருபது.

2. கேட்டு எழுதுவிப்போர் இன்மை. பெரிய இசையமைப்பாளர் என்ற பெயர் அக்காலத்தில் பெரும் வாத்தியக் குழுவுக்கான சிம்பொனியாலும் இசைநாடகமான ஒப்பெராவாலும் வந்தது. அவற்றை எழுதிவிட்டுப் பெட்டியில் வைக்க முடியாது. மண்டபமும் நடத்துநரும் எண்பது வாத்தியக்காரரும் காத்திருந்தால்தான் எழுதலாம். கிளார்க்கிடம் அத்தகையதை யாரும் கேட்கவில்லை. அவருடைய பட்டியலில் அறையிசையும் பாடல்களும் சேர்ந்திசைப் பாடல்களுமே உள்ளன.

3. பிழைப்பு. இருபதுகளிலும் முப்பதுகளிலும் அவர் இலண்டனில் முழுநேர வியோலாக் கலைஞர். பி.பி.சி. வானொலியில் வாசித்தார், 1927 இல் மே முக்கிள் உள்ளிட்ட பெண்களோடு ‘இங்கிலிஷ் என்செம்பிள்’ என்ற நால்வர் குழுவைத் தொடங்கினார். இசையமைப்பு இவற்றின் இடைவெளிகளிலேயே நடந்தது.

4. போர். 1939 இல் போர் தொடங்கியபோது அமெரிக்காவில் சகோதரர் குடும்பங்களுடன் இருந்த அவரால் இங்கிலாந்து திரும்ப முடியவில்லை. வியப்பு என்னவென்றால், சொந்த வீடும் வருமானமும் இல்லாத அந்த மூன்று ஆண்டுகளிலேயே அவர் மறுபடியும் தொடர்ந்து எழுதினார். கிளாரினெற்றுக்கும் வியோலாவுக்குமான ஆக்கமொன்று 1942 இல் பேர்க்லியில் நடந்த சர்வதேசச் சமகால இசை விழாவில் ஒலித்தது. அதே ஆண்டு அவர் ஒரு குடும்பத்தில் குழந்தை பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

1944 இல், ரோயல் கல்லூரிக் காலத்து நண்பரும் நியூயோர்க்கின் ஜூலியார்ட் கல்லூரிப் பியானோ ஆசிரியருமான ஜேம்ஸ் பிரிஸ்கினை மணந்தார். அப்போது கிளார்க்குக்கு 58 வயது. திருமணம் அவரை முடக்கியது என்று எழுதுவது எளிது. ஆனால் சான்று மறுபக்கம் சாய்கின்றது. எழுதும்படி பிரிஸ்கின் தூண்டிக்கொண்டேயிருந்தார். காலையில் விழித்ததும் முதலில் எழும் நினைவும் இரவில் தூங்குமுன் கடைசி நினைவும் இசையாக இருந்தாலன்றித் தம்மால் இசையமைக்க இயலாது என்று கிளார்க் முதுமையில் விளக்கினார். பெண் என்பது இவற்றில் காரணமேயில்லை என்று இதற்குப் பொருளல்ல. மேலே சொன்ன முதல் மூன்றிலும் அது உள்ளே இருந்து வேலை செய்தது. ஒரு நாளின் ஒரு தீர்ப்பாக வராததால் அதைக் கதையாகச் சொல்வது கடினம், அவ்வளவே.

திரும்பி வந்த விதம்

பிரிஸ்கின் 1967 இல் காலமானார். 1976 இல் நியூயோர்க் வானொலியாளர் ரொபேர்ட் ஷேர்மன், பியானோக் கலைஞர் மைரா ஹெஸ்ஸைப் பற்றிய நிகழ்ச்சிக்காகத் தகவல் கேட்டுக் கிளார்க்கைச் சந்திக்கப் போனார். பேச்சின் நடுவேதான் அந்த மூதாட்டி இசையமைப்பாளர் என்பது அவருக்குத் தெரியவந்தது. கிளார்க்கின் 90 ஆவது பிறந்தநாளை ஒட்டி ஒலிபரப்பான நிகழ்ச்சி, வியோலாக் கலைஞர்களைப் பழைய சொனாட்டாத் தாள்களைத் தேட வைத்தது. 1979 ஒக்டோபர் 13 அன்று, 93 வயதில் அவர் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த ‘நியூ குரோவ்’ இசை அகராதியில் அவருக்குத் தனிப் பதிவு இல்லை. பிரிஸ்கினின் பதிவில் மனைவியாக மட்டுமே குறிப்பிடப்பட்டார். 2001 ஆம் ஆண்டுப் பதிப்பிற்றான் அது திருத்தப்பட்டது. இடையில் சொனாட்டாவும் மூவிசையும் மறுபதிப்பாகின. 2000 இல் அவர் பெயரில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. கையெழுத்துப் பிரதிகள் ஒவ்வொன்றாக அச்சுக்கு வந்தன. இன்று வியோலா மாணவர் எவரும் சொனாட்டாவைத் தவிர்த்துப் பட்டம் பெறுவது அரிது.

கேட்கத் தொடங்க விரும்புவோர் ‘மோர்ஃபியஸி’லிருந்து தொடங்கலாம், அது ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சொனாட்டாவைச் செல்லோவிலும் வாசிக்கலாம் என்று 1921 ஆம் ஆண்டுப் பதிப்பே அனுமதிக்கின்றது. அந்தப் பதிப்பின் பிரதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றது என்பதால் அதை இங்கே பிரதியெடுத்துப் பாடசாலைகளில் வழங்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் அதன் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் வாழ்நாளோடு மேலும் 70 ஆண்டுகள் பாதுகாப்பளிக்கின்றது. அந்தக் கணக்கின்படி கிளார்க்கின் ஆக்கங்கள் 2049 ஆம் ஆண்டு முடியும் வரை உரிமைக்குட்பட்டவை. இங்கே பிரதியெடுக்க விரும்பும் பாடசாலை முதலில் உரிமையாளரின் அனுமதியைப் பெற வேண்டியிருக்கும்.